அண்ணத்து முரசு இழுத்தால் வராது

வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலையோ, வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கோ, அண்ணத்துப் பக்கம் முரசு (பல் ஈறு) வெட்ட வேண்டும் என்றதும் எங்கள் ஆட்கள் கேட்பது "எத்தனை தையல்?" என்றுதான். தையலை விடுங்கள். காரியம் முதல் வெட்டிலேயே முடிந்துவிடுகிறது.

கன்னத்துப் பக்க முரசு நெகிழும். மடல் போலத் திறந்து, பல்லுக்கும் முரசுக்கும் இடையே விழுந்த பையைச் சுத்தம் செய்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தித் தைக்கலாம். அண்ணத்து முரசு தடிப்பு, எலும்போடு இறுகியது, நகரவே நகராது. அதனால் மடலின் விளிம்பு கடைசியில் எங்கே உட்காரும் என்று கணக்குப் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும். பல்லில் இருந்து அதிகம் தள்ளி வெட்டினால் மடல் குட்டையாகி எலும்பு வெளியே தெரியும். அது மூடும் வரை சோறு தின்பதே தண்டனை. பல்லை ஒட்டியே வெட்டினால் மடல் நீண்டு, பழைய பை திரும்பி வரும். பல்லின் வளைவைப் பாராமல் நேர்கோடாக இழுத்தால் இரண்டு கோளாறும் சேர்ந்தே வரும்.

மடலை முழுக்கத் தூக்கிய பிறகு மெலிதாக்கலாம் என்று விடுவதும் பிழை. பிடிமானமில்லாத மாங்காயைச் சீவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எலும்போடு ஒட்டி நிற்கும்போதே உள்ளே கத்தியை ஓட்டிவிட வேண்டும்.

அப்புறம் நாடி, அதாவது அண்ணத்து இரத்தக்குழாய். கடைவாய்ப் பக்கத்துத் துவாரத்தில் இருந்து முன்னோக்கி ஓடுகிறது. தட்டையான அண்ணத்தில் பல்லின் கழுத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான், உயர்ந்த அண்ணத்தில் 17 வரை இருக்கும். நெடுக்குக் கீறலை அண்ணத்தின் நடுவை நோக்கி நீட்டுவது அதனால்தான் ஆபத்து.

சரி, நோயாளியின் பங்கு. ஆஸ்பிரின் குடிப்பதைச் சொல்லாமல் விடுவது ஒரு பிழை, தானாக அதை நிறுத்திவிட்டு வருவது அதைவிடப் பெரிய பிழை. இரத்தம் கசிந்தால் துணியை எடுத்து எடுத்துப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொதிக்கிற பிளேன் டீ, சிகரெட், காலிமுகத்திடல் இஸ்ஸோ வடை எல்லாம் புண் ஆறிய பிறகு.

நாக்கு மட்டும் சொல்வழி கேளாது, போய்ப் போய்ப் புண்ணைத் தடவும். அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு செய்து தரலாமா என்று வெட்டுவதற்கு முன்னமே கேளுங்கள். அதற்கு அச்சு எடுக்க வேண்டும்; புண்ணோடு யார் வாயைத் திறந்து அச்சுக் கொடுப்பது?