மார்பகப் புற்றுப் பரிசோதனை: போன பிறகு செய்யும் தவறுகள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். 'பயப்படாமல் போங்கள்' என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். போனவர்கள் வருடாவருடம் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

ரவிக்கையோடு பார்ப்பது

அது பரிசோதனையே அல்ல. கையைத் தூக்கவைத்து, தோல் எங்காவது உள்ளே இழுக்கிறதா என்று நர்ஸ் பார்க்க வேண்டும். படுக்கவைத்து அக்குள்வரை தடவிப் பார்க்க வேண்டும். கூச்சமாக இருந்தால் திரை போடச் சொல்லிக் கேளுங்கள்.

வலி இல்லையே என்று இருந்துவிடுவது

புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது.

கட்டியை முதலில் வெட்டி எடுத்துவிடுவது

இத்தனை சொல்லியும் நிற்காத தவறு இது. நினைத்தாலே ஆத்திரம் வருகிறது. கட்டி தட்டுப்படுகிறது என்று நர்ஸ் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார். அங்கே கூட்டம், அலைச்சல் என்று பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போவார்கள். "சின்னக் கட்டிதாம்மா, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம்" என்பார்கள். எடுத்ததை வீட்டாருக்குக் காட்டிவிட்டுக் குப்பையில் போடுவார்கள். இல்லாவிட்டால் உப்புநீரில் போட்டு மறுநாள் லேபுக்கு அனுப்புவார்கள். திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். தாமதித்தால் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) ஆகியவை கட்டியில் உள்ளனவா என்று பார்க்கும் சோதனைகளின் முடிவுகளை நம்ப முடியாது. எந்த மருந்து பலிக்கும் என்பதே அந்த முடிவுகளை வைத்துத்தான். வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமா என்பதும் தெரியாமல் போகும். மறுபடி ஆபரேஷன். சிலருக்கு மார்பகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பே கைநழுவிவிடும்.

முதலில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), வயது குறைவென்றால் அல்ட்ராசவுண்ட். அதன்பின் ஊசி பயாப்சி: மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியால் பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி கனத்தில் சில துணுக்குகள் எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். ஊசி குத்தினால் நோய் முற்றிவிடும் என்பது வீண் பயம். கத்தி அதற்குப் பிறகுதான்.

மேமோகிராம் அன்று பவுடர்

வேண்டாம். அக்குளில் பவுடரோ டியோடரன்டோ இருந்தால் படத்தில் புற்றோ என்று சந்தேகிக்கவைக்கும் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரியும்.

பைராட்ஸ் 0 என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பது

பைராட்ஸ் என்பது மேமோகிராம் ரிப்போர்ட்டில் போடும் தர எண். 0 என்றால் எடுத்த படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 1, 2 வந்தால் படத்தில் புற்று அறிகுறி இல்லை. 3 என்றால் பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் பயாப்சி. ஆனால் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால், ரிப்போர்ட்டில் 1 என்றே இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அடர்த்தியான மார்பில் மேமோகிராம் புற்றைத் தவறவிடுவது உண்டு.