நிரந்தர வேலைக்காகக் காத்திருக்க வேண்டாம்: போஸ்ட்டாக் க்ரீன் கார்டு மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் லீவுக்குக் கோபிசெட்டிபாளையம் வந்திருந்தேன். கோவை வேளாண் பல்கலையில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவள் ஒருத்தி, அந்தியூரிலிருந்து பார்க்க வந்தாள். அமெரிக்காவில் மூன்றாவது வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். க்ரீன் கார்டு மனு போட்டாயா என்று கேட்டேன்.

"நிரந்தர வேலை கிடைக்கட்டுங்க்கா, அப்புறம் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

2016-இல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அவளிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையெழுத்துப் போட மறப்பது, பழைய படிவத்தை அனுப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை யாரும் சொல்லித்தருவார்கள்.

நிரந்தர வேலை வந்தால்தான் மனு என்று நினைப்பது

இந்தக் குழப்பம், வேலை அடிப்படையில் தரும் க்ரீன் கார்டுகளில் இபி-1பி என்ற பிரிவிலிருந்து வருகிறது. அது பல்கலைக்கழகம் நமக்காகப் போடும் மனு. அதற்கு டென்யூர் என்ற நிரந்தரப் பேராசிரியர் பதவி, அதற்கு இட்டுச்செல்லும் டென்யூர் ட்ராக், இல்லாவிட்டால் முடிவுத் தேதி இல்லாத ஆராய்ச்சிப் பணி வேண்டும். ஜூன் 30-இல் முடிகிற ஒப்பந்தம் அதில் சேராது. நான் வேலை பார்த்த இடத்தின் அலுவலகத்தில், "தற்காலிகப் பணியாளர்களுக்கு நாங்கள் மனு போடுவதில்லை" என்றார்கள். அது உண்மை. அதில் இருந்த 'நாங்கள்' என்ற சொல்லைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன்.

அசாதாரணத் திறமைக்கான இபி-1ஏ என்ற பிரிவும், இபி-2-க்குள் வரும் தேசிய நலன் விலக்கும் (நம் பணி நாட்டுக்கு நல்லது என்றால் வேலைக் கடிதம் கேட்காமல் விடுவது) நாமே நமக்காகப் போட்டுக்கொள்ளலாம். முதலாளி வேண்டாம், வேலைக்கான கடிதமும் வேண்டாம். இது தெரியாமல் நான்கு வருடம் ஃபேகல்டி வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தேன். 2020-இல்தான் ஐ-140 என்ற மனுவைப் போட்டேன்.

நான்கு வருடம் போனால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எல்லாமே பிரியாரிட்டி டேட்தான், அதாவது வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி. ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கு டோக்கன் தருவார்களே, அதுபோலத்தான். பை தயாரா, பணம் தயாரா என்பதெல்லாம் அப்புறம், முதலில் டோக்கன் கையில் இருக்க வேண்டும். சொந்தமாகப் போடும் மனுவில், ஐ-140 போய்ச் சேர்ந்த நாள்தான் அந்தத் தேதி. எந்த ஒரு நாட்டுக்கும் வருடத்தில் க்ரீன் கார்டுகளில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால், எந்தத் தேதிக்காரர்களுக்கு முறை வந்தது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டின்களில், 2025-இல் இந்தியாவின் இபி-2 வரிசை 2012, 2013 தேதிகளிலேயே நின்றது. அதே நேரம் இபி-1 வரிசை 2022-இல் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனு ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அந்தத் தேதி நம்மோடு வரும். வேலை மாறினாலும் வரும். பின்னாளில் இபி-1 கிடைத்தால், பழைய இபி-2 தேதியை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். எச்-1பி-யின் ஆறு வருடம் முடிந்த பிறகும் நீட்டிப்பு கிடைக்க அந்த ஏற்கப்பட்ட மனு உதவும். ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பிடிமானம் எது?

என் மகள் 2013-இல் பிறந்தவள். பிள்ளைகளுக்கு 21 வயது தாண்டினால் நம் மனுவோடு சேர்ந்து வர முடியாமல் போகலாம். ஒவ்வொரு மாதமும் புல்லட்டினைத் திறக்கும்போது அவள் வயதைக் கூட்டிப் பார்க்கிறேன். நான் விட்ட நான்கு வருடம் அந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் "இன்னும் ஒரே ஒரு பேப்பர் வரட்டுங்க்கா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பேப்பர் வரும். அதை அடுத்த மனுவில் சேர்த்துக்கொள்ளலாம். போன வருடத்துத் தேதி மட்டும் திரும்ப வராது.

அதற்காக ஒன்றுமே இல்லாமல் போடச் சொல்லவில்லை. முதல் ஆசிரியராக நாலைந்து கட்டுரை, அதைப் பிறர் எடுத்துப் பயன்படுத்திய சுவடு, இவ்வளவு இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இப்போதைய லேபையே எதிர்காலமாக எழுதுவது

தேசிய நலன் விலக்குக்கு 2016-இல் வந்த தனசார் தீர்ப்புதான் அளவுகோல். நீங்கள் எடுத்துக்கொண்ட பணி முக்கியமானதா, அதை முன்னெடுக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா, வேலைக் கடிதம் கேட்காமல் விடுவது நாட்டுக்கு நல்லதா என்று மூன்றையும் பார்ப்பார்கள். "பேராசிரியரின் திட்டத்தில் தொடர்ந்து வேலை செய்வேன்" என்று எழுதினால், கிராண்ட் முடிந்ததும் அந்தப் பணியும் முடிந்ததாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும். அந்தியூர்க்காரி மஞ்சளின் கிழங்கு அழுகல் நோயில் தொடங்கி, இப்போது மண்வழி வரும் பூஞ்சைகளில் வேலை செய்கிறாள். லேபின் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பூஞ்சைகளை இனி எப்படிக் கட்டுப்படுத்தப் போகிறாள் என்று எழுதச் சொன்னேன். ஒப்பந்தம் எங்கே மாறினாலும் அந்த வேலை அவளுடையது.

ஆறு பரிந்துரைக் கடிதமும் ஒரே லேபிலிருந்து வாங்குவது

உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவர்களிடம் கேளுங்கள். பாதியாவது.

இனிஷியல்

சில கட்டுரையில் இனிஷியல் முன்னால், சிலவற்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது உண்டு. எல்லாம் ஒரே ஆள்தான் என்று முதலிலேயே ஒரு பக்கம் விளக்கம் வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தியூர்க்காரியின் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. லீவிலேயே பெயரைப் பதிய எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் இருப்பவர்கள்

இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு உண்டா என்று மறுபடி பாருங்கள். 2024 டிசம்பர் 9 முதல், துறையை வைத்து இந்த நிபந்தனையைப் போடும் நாடுகளின் திறன் பட்டியலில் இந்தியா இல்லை. அரசாங்கப் பணத்தில் போனவர்களுக்கும் மருத்துவப் பயிற்சிக்குப் போனவர்களுக்கும் நிபந்தனை அப்படியே இருக்கிறது. நிபந்தனை இருந்தாலும் ஐ-140 போடலாம், க்ரீன் கார்டு வாங்கும் அடுத்த படிதான் நிற்கும். ஆனால் மனு போட்ட பிறகு பாஸ்போர்ட்டில் ஜே-1 விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை வந்தால், உங்களுக்காகக் குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்று படிவத்திலேயே கேட்பார்கள். ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், விசா மறுக்கப்படலாம். ஊருக்கு வரும் வேலை ஏதும் இருந்தால் முதலில் வந்துவிட்டுப் போய், அப்புறம் மனுவை அனுப்புங்கள்.