மறுநாள் காலையில் இரண்டாவது ஸ்பூன்: நிலாவாரையில் நாம் செய்யும் தவறுகள்

கல்யாண வீட்டில் மூன்று நாள். பந்திச் சாப்பாடு, போதாத தண்ணீர், ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம், காலையில் இருபது பேர் காத்து நிற்கும் ஒரே கழிப்பறை. ஊர் திரும்பினால் வயிறு கல்லாகக் கிடக்கிறது. வீட்டில் மூத்தவர் யாராவது சொல்வார்கள்: "நிலாவாரைப் பொடி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல போட்டுக் குடி, காலையில எல்லாம் சரியாயிரும்." சரியாகவும் ஆகிவிடும். சிக்கல் தொடங்குவது அதற்கு மறுநாள்.

மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் பெருங்குடல் ஏறக்குறைய காலியாகியிருக்கும். அதில் மறுபடி மலம் சேர ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ ஆகலாம். அந்த இடைவெளி இயல்பானது. நாமோ மறுநாள் காலையில் கழிப்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் போகலையே" என்று அடுத்த ஸ்பூனை எடுத்துவிடுகிறோம். காலிப் பானையைத் திரும்பக் கவிழ்த்துப் பார்க்கிற கதைதான். இந்தத் தடவை வருவது வயிற்றுப் பிடுங்கலும் தண்ணீருமாக இருக்கும். போனது போனதுதானே என்று திருப்தி. மூன்றாம் நாளும் ஒரு ஸ்பூன். இப்படியே ஒரு மாதம் போனால், "பொடி போடாட்டி எனக்குப் போறதே இல்லை" என்ற பேச்சு வந்துவிடும். நிலாவாரையில் நடக்கும் தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இது என்பேன். மற்றவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்ற எண்ணமே இதற்கு வேர். மருத்துவக் கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் இயல்பு, வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்பு. முக்காமல், வலிக்காமல், இறுகாமல் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறியதற்கெல்லாம் மருந்து வேண்டாம்.

எந்த அவுரி?

நிலாவாரை அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த செடி. தாவரவியல் பெயர் சென்னா அலெக்ஸாண்ட்ரினா. தென் தமிழ்நாட்டில், குறிப்பாகத் தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இது பணப்பயிர். உலக மருந்துச் சந்தையில் இதற்கு 'டின்னவேலி சென்னா' என்றே பெயர். வெளிநாட்டுக்காரர் தேநீர்ப் பையில் போட்டுக் குடிக்கும் இலை பல நேரம் நம் ஊர்க் கரிசலில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போனதுதான்.

அங்கே விவசாயிகள் இதை அவுரி என்பார்கள். மற்ற ஊர்களில் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் வேறொரு செடி. நரைமுடிக்குப் பூச நாட்டு மருந்துக்கடையில் விற்கும் அவுரிப் பொடி இந்த நீல அவுரிதான். "அவுரிப் பொடி கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து, தலைக்குப் பூச வேண்டியதைக் குடித்துவிட வாய்ப்பு உண்டு. ஆவாரையும் வேறு. பெயர் ஒட்டி வருகிறது, பூவும் மஞ்சள்தான், ஆனால் மலமிளக்கிக்காக நாம் தேடும் இலை அதுவல்ல. கடையில் நிலாவாரை என்று கேட்டு, எதற்கு என்றும் சொல்லி வாங்குங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இதே இலை ஆயுர்வேத மருந்துகளில் ஸ்வர்ணபத்ரி, வடக்கே சோனாமுகி, ஆங்கில மருந்துக் கடையில் சென்னோசைடு. குடல் சுத்திச் சூரணம் ஒரு ஸ்பூன், டீடாக்ஸ் டீ ஒரு கப், டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று என்று மூன்று பெயரில் ஒரே மருந்தை ஒரே ராத்திரியில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கரியபோளம், அதாவது கற்றாழைப் பாலைக் காய்ச்சி உலர்த்திய மூசாம்பரம், இதே வகையைச் சேர்ந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு ஸ்பூன் என்பது எவ்வளவு?

நிலாவாரையில் வேலை செய்யும் பொருள் சென்னோசைடுகள். ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 30 மில்லிகிராம். இலையில் இந்த வகைப் பொருள்கள் சுமார் 2 முதல் 3 சதவீதம் இருக்கும். அப்படியானால் ஒரு கிராம் பொடியிலேயே 20 முதல் 30 மில்லிகிராம் வந்துவிடுகிறது. வீட்டு டீஸ்பூனைத் தலைதட்டி எடுத்தாலே இரண்டு கிராம் பிடிக்கும், குவித்து எடுத்தால் மூன்று. ஆக "ஒரு ஸ்பூன்தானே" என்று நாம் விழுங்குவது வரம்பைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்துக் குடித்தால் எல்லாமே நீரில் இறங்கிவிடாது. பொடியை அப்படியே கலக்கிக் குடித்தால் முழுதும் உள்ளே போகும். பிடுங்கிப் பிடுங்கி வலிக்கிறது என்று இந்த மருந்தின் மேல் வரும் குறைகளில் பாதி, மருந்தின் குறை அல்ல, ஸ்பூனின் குறை.

கால் ஸ்பூன் அளவில் தொடங்குவதே முறை. மலம் இளகி வரும் அளவுக்குக் குறைந்தபட்சம் எது போதுமோ அதுதான் உங்கள் அளவு. முதல் முறை எடுப்பவர்களுக்கு உதிரிப் பொடியைவிட மில்லிகிராம் அச்சிட்ட மாத்திரையே நல்லது என்பது என் கட்சி. அது ஒன்றும் இங்கிலீஷ் மருந்துக்கு மாறிவிடுவது ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதும் இதே சென்னாதான், 7.5 மில்லிகிராம் மாத்திரையாக. மாத்திரைக்கு மாத்திரை அளவு மாறும் என்பதால் அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பழைய கைப்பாகத்தில் நிலாவாரையோடு சுக்கு, சோம்பு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். வயிற்றைப் பிடிக்காமல் இருக்கத்தான். அளவு மீறினால் சுக்கும் காப்பாற்றாது.

இன்னும் ஒன்றும் ஆகலையே

சென்னோசைடு சிறுகுடலில் கரைந்து ரத்தத்தில் ஏறும் பொருள் இல்லை. அப்படியே பெருங்குடல் வரை போய், அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். குடல் சுருங்கி விரிவதைத் தூண்டும், மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்வது அதனால்தான். ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு "ஒன்றும் ஆகலையே" என்று இன்னொரு தடவை குடித்தால், விடியற்காலையில் இரண்டும் சேர்ந்து கேட்கும். காலையில் பேருந்துப் பயணம் இருந்தால் முந்தைய ராத்திரி எடுக்கவே வேண்டாம்.

விளக்கெண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது சிறுகுடலிலேயே வேலையைத் தொடங்கி இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். ராத்திரி குடித்தால் தூக்கம் போனதுதான். இசப்கோல் வேறு ஜாதி. ஊறிப் பருத்து மலத்துக்குப் பருமன் தருவது, பலன் தெரிய ஓரிரு நாள், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். அதை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்காவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. நேர்வாளம் என்ற கடுமையான பேதி விதை சேர்ந்த மருந்துகளை மட்டும் சித்த மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுக்காமல் தொடவே கூடாது.

அதிமதுரமும் நீர் மாத்திரையும்

பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை, பொட்டாசியமும் போகிறது. எப்போதாவது ஒரு தடவை என்றால் சாப்பாடே ஈடுகட்டிவிடும். தினமும் போனால் கை கால் அசதி, தசைச் சோர்வு என்று ஆரம்பித்து, முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறைய வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அப்படியே. இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குவது இன்னும் ஆபத்து. இவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிலாவாரையைத் தொட வேண்டாம்.

இந்த வரிசையில் அதிமதுரம் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தொண்டைக்கு இதமான அதே வேர்தான். நிறைய, நாள்கணக்கில் எடுத்தால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மலமிளக்கிச் சூரணங்களில் இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு. மூலிகை என்பதால் எதோடும் சேராது, எதையும் கெடுக்காது என்று நினைப்பது சரியல்ல. பேதியாகப் போனால் மற்ற மாத்திரைகள் உடலில் சேராமல் போவதும் உண்டு, கருத்தடை மாத்திரை உட்பட.

யாருக்குக் கூடாது?

12 வயதுக்குக் கீழே வீட்டு வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது. டயப்பர் போடும் குழந்தைக்குக் கொடுத்தால், அந்த மலம் பட்ட இடத்தில் தோல் வெந்து கொப்புளம் வந்த சம்பவங்கள் உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமல் இருந்து, போகும்போது மலம் இளகியே இருந்தால் அது மலச்சிக்கலே இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையால் மலம் இறுகுவது சகஜம். அதற்கு நிலாவாரையைச் சுயமாக எடுக்காமல், மாத்திரை தரும் நர்ஸிடமே சொல்லலாம், மாற்று வழி இருக்கிறது. விளக்கெண்ணெய் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடியது, கர்ப்பத்தில் அது வேண்டவே வேண்டாம். குடல் அழற்சி நோய் உள்ளவர்களும் விலகியிருக்க வேண்டும்.

உடம்பு இளைக்க இதை எடுப்பவர்களுக்கு ஒரே வரி: சோற்றின் சத்து சிறுகுடலிலேயே சேர்ந்துவிடுகிறது, நிலாவாரை வேலை செய்வது அதைத் தாண்டி. எடை இயந்திரத்தில் குறைந்தது தண்ணீர்.

நிலாவாரை எடுத்த நாளில் சிறுநீர் பழுப்பு மஞ்சளாகவோ செம்மை கலந்தோ போனால் பதற வேண்டாம், மருந்து நின்றதும் நிறம் மாறிவிடும். பல மாதம் தொடர்ந்து எடுத்தவர்களுக்குப் பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போவது உண்டு. அதுவும் நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல மாறும்.

ஒரு வாரத்துக்கு மேல் போனால்

தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் இந்த மருந்து தேவைப்பட்டால், அது எப்போதாவது வரும் மலச்சிக்கல் இல்லை. தைராய்டு குறைவா, சர்க்கரையா, வலிக்குச் சாப்பிடும் டிரமடாலா, ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றா என்று காரணத்தைத் தேட வேண்டும். காரணம் மருந்துச் சீட்டிலேயே இருப்பதும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு மலமிளக்கி போட்டு நாள் கடத்தக் கூடாது. கடும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், வயிறு ஊதி வாயுகூடப் பிரியாத நிலை என்றால் ஒரு சிட்டிகைகூட எடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே அடைப்போ குடல்வாலில் சீழோ இருந்தால், குடலைத் தூண்டுவது நிலைமையை மோசமாக்கும்.

போகும்போது சாப்பிட்ட பொடியின் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் "என்ன மருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டால் நாட்டு மருந்தைச் சொல்லாமல் விடுவது நம் பழக்கம். எத்தனை நாளாக, எத்தனை ஸ்பூன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்வார்.