வேகமாக ஓடிய ரோரி கேலகர் கேசட்டைச் சரிசெய்தேன்

70-களில் அயர்லாந்து ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் ஐரோப்பாவில் வாசித்த ஒரு கச்சேரி. கூட்டத்தில் நின்ற யாரோ மைக் பிடித்துப் பதிவு செய்தது. பிரதிக்குப் பிரதி எடுத்து என் கைக்கு வந்த கேசட்டில் அவர் குரல் கீச்சென்று இருந்தது. டேப் வேகமாக ஓடுகிறது, சரி. எவ்வளவு வேகம்? கிட்டாரை வைத்து அளக்க முடியாது; மேடையில் சுருதி கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அப்புறம்தான் பாட்டுகளுக்கு நடுவே வரும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் காதில் பட்டது. அவருடைய 1961 ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி); மின் இரைச்சலை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரீங்காரமும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பார்த்தால் 52-இல் நின்றது! வேகத்தை 0.9615 (50 ÷ 52) மடங்காக்கினேன். டெம்போவை (தாள வேகத்தை) மட்டும் குறைத்தால் சுருதி இறங்காது, கவனம்.

கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்பே டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவை, டிரம்ஸின் சிம்பல் ஒலி தெளியும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியிருந்தேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள், டேப்பிலிருந்து எடுக்காமல் விட்ட ஒலி பிறகு வராது.

இப்போது குரல் அவர் குரலாகவே இருக்கிறது. மைக் அருகே ஒருவர் "ரோரி!" என்று கத்துகிறார், அவருக்குத் தொண்டை கட்டியிருப்பதுகூடக் கேட்கிறது.