ட்ராமா ரெஜிஸ்ட்ரில என்ட்ரி போடுறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

கேஷுவால்ட்டில ஏஆர் (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்) என்ட்ரி போடுவாங்கல்ல, அது போலீஸ் கேஸுக்கு. ட்ராமா ரெஜிஸ்ட்ரி வேற. அடிபட்டு வர்றவங்களோட விவரத்த ஒரே மாதிரி சேத்து வெச்சு, சிகிச்சைல எங்க கோட்டை விடுறோம்னு பாக்குறதுக்கு. தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிகள்ல 'தாய்' (TAEI) அப்படிங்கிற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்துல இத செய்றாங்க.

1. யாரைச் சேக்கணும்
அட்மிட் ஆனவங்க, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவங்க, கேஷுவால்ட்டிலயே இறந்தவங்க. கடைசில சொன்னவங்கதான் அடிக்கடி விட்டுப்போறாங்க. அவங்கள விட்டா நம்ம சாவுக் கணக்கு பொய்யா குறைஞ்சு தெரியும்.

2. நேரம்
விபத்து நடந்தது, 108 வந்தது, கேஷுவால்ட்டிக்கு வந்தது, சிடி எடுத்தது, ஆபரேஷன் தியேட்டருக்குப் போனது எல்லாம் தனித்தனியா வேணும். எல்லாத்தையும் குத்துமதிப்பா பத்து மணி, பத்தரைன்னு போட்டுட்டா எங்க லேட்டாச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

3. முதல் பிபி, மூச்சு எண்ணிக்கை, ஜிசிஎஸ்
இதுலதான் நான் ரொம்ப கறாரா இருப்பேன். ஜிசிஎஸ்ங்கிறது (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) ஆளுக்கு நினைவு எவ்வளவு இருக்குன்னு பாக்குற மார்க், 3லருந்து 15 வரைக்கும். அதிகபட்சமா கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மூச்சுக்கு ட்யூப் போட்ட ஆளால பேச முடியாது, அதனால ட்யூப் போடுறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டு எழுதுங்க. மூச்சு எண்ணலன்னா 'பாக்கல'ன்னு போடுங்க, தயவுசெஞ்சு நார்மல்னு போட்டுடாதீங்க, ஏன்னா காலியா இருக்குற கட்டம் தெரிஞ்சா நாளைக்கு சரி பண்ணலாம், பொய்யா நிரப்புன கட்டத்த யாராலயும் பிடிக்க முடியாது.

4. காயத்துக்கு மார்க்
ஒவ்வொரு காயத்துக்கும் அது எவ்வளவு மோசம்னு சொல்ற ஏஐஎஸ் ஸ்கோர், 1லருந்து 6 வரை. உடம்ப ஆறு பகுதியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் பெரிய காயத்த மட்டும் எடுத்து, அதுல டாப் மூணோட வர்க்கத்தக் கூட்டுனா ஐஎஸ்எஸ், அதாவது ஆளோட மொத்தக் காயத்துக்கான மார்க். தலை 4, நெஞ்சு 3, கால் 3ன்னா 16+9+9, மொத்தம் 34. 15க்கு மேல போனா பொதுவா மேஜர் ட்ராமா. அதிகபட்சம் 75. எங்கயாவது ஒரு 6 இருந்தா கூட்டவே வேணாம், நேரா 75தான்.

5. முடிவு
டிஸ்சார்ஜா, இறப்பா, ரெஃபரலா. ரெஃபர் ஆனவர ரெண்டு ஆஸ்பத்திரிலயும் தனித்தனி ஆளா எண்ணிடாம ரெண்டு என்ட்ரியையும் இணைக்கணும்.

இத வெச்சு என்ன பண்றாங்க?
வயசு, ஐஎஸ்எஸ், முதல்ல எடுத்த பிபி, மூச்சு, ஜிசிஎஸ், இது எல்லாம் சேந்து டிரிஸ்னு ஒரு கணக்கு, பிழைக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லும். வாய்ப்பு நல்லா இருந்தும் இறந்தவங்களோட கேஸ் ஷீட்ட ஆடிட் மீட்டிங்ல எடுத்துப் பேசுவாங்க: ரத்தம் கிடைக்க லேட்டாச்சா, சிடிக்கு காத்திருந்தாரா, சர்ஜன் எப்ப வந்தாரு? ஒரே எடத்துலருந்து திரும்பத் திரும்ப ஆள் வந்தா அந்த ரோட்டப் பத்தி நெடுஞ்சாலைத் துறைகிட்ட ஆதாரத்தோட பேசலாம். வெளில குடுக்குறப்ப பேரு, போன் நம்பர், அட்ரஸ் மூணையும் எடுத்துட்டுதான் குடுக்கணும்.