இரும்புச்சத்து மாத்திரையும் டீயும் சேராது

ரத்தசோகைக்கு டாக்டர் எழுதித்தந்த இரும்புச்சத்து மாத்திரையைப் போட்ட கையோடு டீ குடித்தால் பலன் குறையும். டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். டீ, காபி 1 மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரும்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மாத்திரைக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். குமட்டுகிறதே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை, 2 இட்லிக்குப் பிறகு போடலாம். மலம் கறுப்பது சகஜம். தார்போல் ஒட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் 20 நிமிட மெதுநடையும் கைகொடுக்கும். ஹீமோகுளோபின் ஏறும்வரை வேகநடை வேண்டாம், மூச்சு வாங்கும்.