கிராக்கோவிலிருந்து டார்னூஃப்: ரயில் டிக்கெட், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான் செலவு

போலந்தின் கிராக்கோவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை, உப்புச் சுரங்கம், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் டார்னூஃப் இருக்கிறது. 1330-லேயே நகர உரிமை பெற்ற ஊர். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் தெருவிலேயே நிற்கின்றன, அதனால் நுழைவுக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் போகாது. போலந்தில் முதன்முறை தனியாக ரயில் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நாள் பார்ப்பது

திங்கட்கிழமை வேண்டாம், மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு வேண்டாம், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும் சரி. அரசு, நகராட்சி மியூசியங்களில் நிரந்தரக் காட்சியை வாரத்தில் ஒரு நாள் இலவசமாகப் பார்க்கலாம், சட்டமே அப்படி. அது எந்த நாள் என்பதை மியூசியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

2. டிக்கெட்

இந்தத் தடத்தில் இன்டர்சிட்டி என்ற தொலைதூர ரயிலும் ஓடுகிறது, போல்ரெகியோ, மாவோபோல்ஸ்கா ரயில்வே போன்ற வட்டார ரயில்களும் ஓடுகின்றன. வட்டார ரயிலையே எடுங்கள். இருக்கை எண் கிடையாது, காலியான இடத்தில் உட்காரலாம். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் ரயிலில் ஏறக்கூடாது, இதை மட்டும் மறக்காதீர்கள். கோலியோ செயலியில் எந்த ரயில் யாருடையது என்று தெளிவாகப் போட்டிருக்கும், அங்கேயே டிக்கெட்டும் வாங்கலாம். போலந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற, 26 வயது நிரம்பாத மாணவராக இருந்தால் மாணவர் அட்டையோடு 51 சதவீதம் தள்ளுபடி உண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை.

3. சரியான ரயிலைப் பிடிப்பது

நிலையத்தில் இரண்டு நிறத்தில் பெரிய தாள்கள் ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் தாள் புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளைத் தாள் வந்து சேரும் ரயில்களுக்கு. அப்புறம் 'பெரோன்', 'டோர்' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரோன் என்றால் பிளாட்பாரம், டோர் என்றால் தண்டவாளம். முதல் தடவை போனபோது டோர் எண்ணைப் பிளாட்பாரம் என்று நினைத்து வேறு இடத்தில் போய் நின்றேன், ரயில் போய்விட்டது. பெரோன் எண்ணைப் பார்த்து மேலே ஏறுங்கள், ஏறிய பிறகு இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் என்பதற்குத்தான் டோர். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

4. டார்னூஃபில் நடப்பது

நிலையத்தை விட்டு அவசரமாக வெளியே ஓடாதீர்கள். 1910-இல் முடித்த கட்டடம், ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தது, ஒரு முறை சுற்றி நின்று பாருங்கள். திரும்பும் ரயிலுக்காக அங்குள்ள மஞ்சள் தாளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராக்கோவ்ஸ்கா தெருவைப் பிடித்து நேரே நடந்தால் கால் மணி நேரத்தில் பழைய ஊர் வந்துவிடும். வழியிலேயே இனவரைவியல் மியூசியம் இருக்கிறது. ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் வரலாற்றுக்காக நிரந்தரக் காட்சி வைத்திருக்கும் இடம், ஒரு டிக்கெட் வாங்குவதென்றால் இதற்கு வாங்குங்கள்.

பழைய ஊரின் சதுக்கத்தின் நடுவில் நகர மன்றம், பக்கத்தில் பேராலயம். உள்ளே தளபதி யான் டார்னோவ்ஸ்கியின் கல்லறை சுமார் 14 மீட்டர் உயரம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்து யூதத் தெரு. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த ஊரில் ஏறக்குறைய 25,000 யூதர்கள் இருந்தார்கள், ஊரில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பழைய தொழுகைக்கூடத்தை 1939 நவம்பரில் ஜெர்மானியர்கள் எரித்தார்கள். மிஞ்சியது நான்கு செங்கல் தூண்களும் அவற்றின் மேல் இருந்த விதானமும், வேதம் வாசிக்கும் மேடை அது. சுற்றிலும் சுவரில்லை. தூண்களின் பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிகிறது. பத்து நிமிடமாவது அங்கே இருங்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மூரிஷ் பாணியில், அதாவது பழைய ஸ்பெயின் முஸ்லிம்களின் கட்டடக் கலையைப் பின்பற்றி, ஒரு பெரிய கட்டடம், யூதர்களின் சடங்குக் குளியல் இடம். 1940 ஜூன் 14 அன்று ஆஷ்விட்ஸுக்குப் போன முதல் போலந்து அரசியல் கைதிகள் 728 பேரை முந்தின இரவு இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். காலையில் தெரு வழியாக ரயில் நிலையத்துக்கு நடத்திப் போனார்கள். ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போகிறவர்கள் இந்த ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

5. சாப்பாடு

'பார் மிலெச்னி' என்று பலகை தெரிந்தால் உள்ளே போய்விடுங்கள். பால் பார் என்று பொருள், ஆனால் வீட்டுச் சாப்பாடுதான். சுவரில் பட்டியல் இருக்கும், கவுன்ட்டரில் பணம் கட்டி, ஜன்னலில் வாங்கி, சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். சைவம் என்றால் 'பியெரோகி ருஸ்கியே' கேளுங்கள், நம் கொழுக்கட்டை மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும். மேலே சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டு தூவுவார்கள், அதனால் 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் தருவார்கள்.

6. பூங்கா, பிறகு மலை

ஸ்ட்ஷெலெட்ஸ்கி பூங்காவில் குளத்து நடுவே ஆறு தூண்கள், அவற்றின் மேல் ஒரு கல் சவப்பெட்டி. அதில் இருப்பவர் ஜெனரல் யூசெஃப் பெம், இதே ஊரில் 1794-இல் பிறந்தவர். ஹங்கேரிப் புரட்சியில் சண்டையிட்டுத் தோற்று, துருக்கிப் படையில் சேர்ந்து, இஸ்லாத்துக்கு மாறி, 1850-இல் அலெப்போவில் இறந்தார். 1929-இல் உடலைக் கொண்டுவந்தபோது, மதம் மாறியவரைக் கிறிஸ்தவச் சடங்கால் புனிதமாக்கிய மண்ணில் புதைக்க முடியாது என்பதால் மண்ணைத் தொடாமல் தூக்கி வைத்தார்கள்.

வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தால் ஊருக்குத் தெற்கே செயின்ட் மார்ட்டின் மலைக்கு நடந்து போங்கள், இடிந்த கோட்டையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். கால் வலித்தால் விட்டுவிடுங்கள். காலையில் எடுத்த போட்டோவில் அடுத்த ரயில் எப்போது என்று பாருங்கள்.